இரவில் வரும் விலங்கை அறிதல்: வயலிலும் வீட்டுத்தோட்டத்திலும் தானியங்கிக் கமராவின் உபயோகம்

கண்டி நகரைச் சூழ்ந்த கிராமங்களில் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர், பூச்சியாலும் நோயாலும் அடையும் நட்டத்தோடு விலங்குகளால் அடையும் நட்டத்தையும் தாங்கவேண்டியவராயிருக்கின்றனர். பூச்சியைப் பிடித்துப் பார்க்கலாம். நோயுற்ற இலையைப் பறித்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். ஆனால், இரவில் வந்து மரவள்ளிப் பாத்தியைக் கிளறிவிட்டு, விடியுமுன் மறைந்துவிடும் விலங்கைக் காட்டுவது எங்ஙனம்? காலையில் எஞ்சியிருப்பன கிளறிய மண்ணும், கடித்த தண்டும், மழையில் பாதி அழிந்த சுவடுமே. இவற்றைக் கொண்டு பெரும்பாலோர் ஊகத்தாலேயே முடிவு செய்கின்றனர்.

ஊகம் தவறுமாயின் நட்டம் இரு மடங்காகும். முள்ளம்பன்றி செய்த அழிவைக் காட்டுப்பன்றி செய்ததாக எண்ணி உயர்ந்த வேலி கட்டியவரின் பணம் வீணாகும். முள்ளம்பன்றியோ அவ்வேலியின் அடியைத் தோண்டிக்கொண்டு உள்ளே வரும். கோழி காணாமற்போனதற்குப் பூனையின மிருகம் ஒன்றைக் காரணமாக்கி அதனைக் கொன்றுவிட்டால், வயலில் எலியைத் தின்றுவந்த காவலாளியைக் கமக்காரர் தாமே ஒழித்தவராவார். ஆகவே, எந்தப் பரிகாரத்தைச் செய்யுமுன்னும் வந்தது எது என்பதை ஐயமின்றி அறிதல் வேண்டும். இதற்கு இக்காலத்தில் கிடைக்கும் எளிய கருவி, விலங்கு அசையும்போது தானே படம் பிடிக்கும் தானியங்கிக் கமராவாகும்.

விலங்குகள் வீட்டருகே வருவதன் காரணம்

கண்டிப் பிரதேசத்தில் காடும் தோட்டமும் வீடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. தலதா மாளிகைக்குப் பின்புறத்தே 1938ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட உடவத்தைகெலேக் காடு இருக்கின்றது. நகரின் தெற்கே ஹந்தானை மலைத்தொடரும், குடிநீர்த் தேக்கங்களைக் காக்கும் துனுமடலாவைக் காடும் உள்ளன. பேராதனைக்கு அணித்தாகக் கன்னொறுவை மலைக்காடும், கிழக்கே நக்கிள்ஸ் மலைகளும் காணப்படுகின்றன. இக்காடுகளுக்கு இடையே பலா, கமுகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி, மிளகு என்பன அடுக்கடுக்காக வளர்ந்த கண்டிய வீட்டுத்தோட்டங்கள் பரந்துள்ளன. மனிதருக்கு அவை தோட்டம். மரநாய்க்கும் முள்ளம்பன்றிக்கும் அவை காட்டின் தொடர்ச்சி. பள்ளத்தாக்கில் வயலும், வயலருகே ஓடையும் இருப்பதால் உணவும் நீரும் மறைவிடமும் ஓரிடத்திலேயே கிடைக்கின்றன.

பகலிற் காணப்படாதவை

2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் நாள் காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை, பயிரை அழிக்கும் விலங்குகளைக் கணக்கெடுக்கும் பணி நாடு முழுவதும் நடாத்தப்பட்டது. தத்தம் காணியிற் கண்ட குரங்கு, மயில், மர அணில் முதலியவற்றை மக்கள் படிவங்களிற் குறித்துக் கொடுத்தனர். ஒரே வேளையிற் பலரும் சேர்ந்து எண்ணுவதால் பகலில் நடமாடும் விலங்குகளைப் பற்றி ஓரளவு அறிய முடியும். ஆயினும், காலை 8 மணிக்கு முள்ளம்பன்றி தன் வளையிற் கிடக்கும். மரநாய் மரப்பொந்திலோ கூரையின் உட்புறத்திலோ உறங்கும். காட்டுப்பன்றி புதரிற் படுத்திருக்கும். ஆகையால் இரவு விலங்குகளை அறிய இரவிலேயே பார்த்தல் வேண்டும். கமக்காரர் இராமுழுதும் விழித்திருத்தல் இயலாது. விழித்திருந்தாலும் மனித வாடைக்கும் வெளிச்சத்துக்கும் அஞ்சி விலங்கு வாராது. கமராவோ வாடையின்றி, ஓசையின்றி, உறக்கமின்றிக் காத்திருக்கும்.

கமராவின் வரலாறு

விலங்கு தன்னைத்தானே படம் பிடிக்கச் செய்யும் முறை புதியதன்று. அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஷைராஸ் என்பவர், குறுக்கே கட்டிய கயிற்றை மான் இழுத்தவுடன் வெளிச்சம் பளிச்சிட்டுப் படம் விழுமாறு செய்தார். அவருடைய இரவுப் படங்கள் 1906ஆம் ஆண்டில் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையில் வெளிவந்தன. இந்தியாவில் வன அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் இம்முறையால் காட்டுப் புலிகளைப் படமெடுத்து, 1927ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் உல்லாஸ் காரந்த், புலியின் உடற்கோடுகள் ஒன்றைப்போல் ஒன்று இராமையைக் கொண்டு தனித்தனிப் புலிகளை இனங்கண்டு கணக்கிடும் முறையை வளர்த்தார். சிறுத்தைகளையும் அவற்றின் உடற்புள்ளிகளைக் கொண்டு இங்ஙனம் வேறுபடுத்தலாம்.

இலங்கையிலும் இம்முறை நற்பயனளித்துள்ளது. கண்டி நகரை ஒட்டிய துனுமடலாவைக் காட்டில் சிறுத்தை வாழ்வதை ஆராய்ச்சியாளர் ஆராய்ந்துள்ளனர். கொழும்பைச் சூழ்ந்த ஈரநிலங்களில், வீடுகளுக்கு மிக அண்மையில், மீன்பிடிப் பூனை நடமாடுவதும் தானியங்கிக் கமராக்களால் வெளிப்பட்டது. அயலிற் குடியிருந்தோருட் பலர் அதுவரை அம்மிருகத்தைக் கண்டதேயில்லை.

கமரா இயங்கும் விதம்

வெப்பமுள்ள ஒவ்வோர் உடலும் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை வெளிவிடுகின்றது. கமராவின் முகப்பிலுள்ள உணரி இக்கதிர்களைக் கவனித்துக்கொண்டேயிருக்கும். சூழலின் வெப்பத்தினின்றும் வேறுபட்ட வெப்பமுடைய ஒன்று அதன் முன்னே அசைந்தால், உணரி கமராவை உடனே விழிக்கச் செய்யும். நல்ல கமராவில் இது ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் நிகழும். இரவில், விலங்கின் கண்ணைக் கூசச் செய்யாத செந்நிறக் கீழ்க்கதிர் விளக்கு எரிந்து, கறுப்பு வெள்ளைப் படம் பதிவாகும். படத்தின் அடியில் திகதியும் நேரமும் பொறிக்கப்படும். படங்கள் யாவும் மெமரி காட் எனப்படும் சிறிய அட்டையிற் சேமிக்கப்படும்.

இவ்விதம் இயங்குவதாற் சில குறைகளும் உண்டு. பாம்பு, தவளை, நண்டு போன்றவற்றின் உடல்வெப்பம் சூழலின் வெப்பத்தை ஒத்திருப்பதால் அவற்றைக் கமரா பெரும்பாலும் கவனியாது. வெயிலில் மண்ணும் பாறையும் சூடேறிய நண்பகலில் பாலூட்டிகளையும் சிலவேளை தவறவிடும். கண்ணாடி யன்னலுக்கு உட்புறத்தே வைத்தால் விலங்கின் வெப்பத்தை உணராது. வெயில் பட்ட வாழையிலை காற்றில் ஆடினால் வீணே நூற்றுக்கணக்கான படங்களைப் பிடிக்கும். ஆகவே, கமராவில் ஒன்றும் விழவில்லை என்பதால் ஒன்றும் வரவில்லை என்று துணிந்துவிடலாகாது.

வாங்கும்போது கவனிக்கத்தக்கவை

விலையுயர்ந்த கமராவே வேண்டுமென்பதில்லை. இரவிற் செந்நிறக் கீழ்க்கதிரைப் பயன்படுத்துவதும், மழைநீர் புகாத உறையுடையதும், திகதியையும் நேரத்தையும் படத்திற் பதிப்பதுமான கமரா போதுமானது. இவ்விளக்குகள் இருவகைப்படும். ஒருவகை எரியும்போது மங்கிய சிவப்பு ஒளி தெரியும். அது சற்றுத் தூரம் எட்டும். மற்றையது கண்ணுக்குச் சிறிதும் தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு. திருட்டுப் பயமுள்ள இடத்துக்கு இரண்டாவதே ஏற்றது. ஒருவருக்கே வாங்குதல் கடினமாயின், கமக்காரர் அமைப்பின் மூலம் ஒரு கமராவை வாங்கி முறைவைத்து உபயோகிக்கலாம். ஒரு தோட்டத்துக்கு இரண்டு வாரம் கமரா கிடைத்தாலே பயனுள்ள செய்தி கிட்டும்.

அமைக்கும் இடமும் முறையும்

விலங்குகள் மனிதரைப்போலவே நடப்பதற்கு எளிய வழியை நாடுவன. வயல் வரம்பு, வாய்க்காற்கரை, வேலியிலுள்ள இடைவெளி, ஓடையைக் கடக்கும் இடம், பழம் உதிரும் பலாவின் அடி, கோழிக்கூட்டின் பின்புறம் என்பன ஏற்ற இடங்களாம். முதலிற் பகலில் நடந்து சுவடு, எச்சம், கிளறிய மண் ஆகியவற்றைத் தேடி, அவை மிகுந்த இடத்தைத் தெரிதல் வேண்டும்.

கமராவை உறுதியான மரத்திலோ நட்ட கம்பத்திலோ நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்திற் கட்டுக. விலங்கு செல்லும் பாதை கமராவுக்கு முன்னே 10 முதல் 15 அடி தூரத்தில் இருத்தல் நன்று. மிக அண்மையில் வைத்தால் படம் வெளுத்துவிடும். மிகத் தொலைவில் வைத்தால் எலியும் கீரியும் தப்பிவிடும். பாதையை நேரே நோக்கி வைப்பதிலும் சற்றுச் சாய்வாக வைத்தலே நலம். குறுக்கே செல்லும் விலங்கை உணரி எளிதிற் கண்டுகொள்ளும். உதயத்தையும் அத்தமனத்தையும் நோக்காமல் வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைப்பின் சூரியவொளியாற் படங்கள் கெடா. முன்னாலுள்ள புல்லையும் தொங்கும் இலைகளையும் வெட்டிவிடல் வேண்டும். பின்பு, அமைத்தவர் தாமே அப்பாதையிற் குனிந்து நடந்து, தம் படம் விழுகிறதா என்று சோதித்துப் பார்த்தல் அவசியம்.

விலங்கை வரவழைக்க உணவு வைத்தல் கூடாது. உணவு வைத்தால் நாள்தோறும் வருபவற்றை அறிய முடியாது. வராதவற்றையும் வரப் பழக்கியதாகும்.

மழைக்காலப் பராமரிப்பு

கண்டியில் மழையும் ஈரமும் கமராவின் முதற் பகைவர். உறையின் இரப்பர் விளிம்பில் மண்ணோ எறும்போ இருந்தால் அதனூடே நீர் கசியும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விளிம்பைத் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதி ஒன்றை உள்ளே வைத்தல் நன்று. எறும்பும் சிலந்தியும் முகப்பிற் கூடு கட்டுவதால் வாரம் ஒருமுறை பார்வையிட வேண்டும். பழைய பற்றரிகளையும் புதியவற்றையும் கலந்து இடலாகாது. மெமரி காட்டை மாற்றச் செல்வோர் பகல் வெளிச்சத்திற் செல்க. புல்லிலும் சருகிலும் விரியன் பாம்பு கிடத்தல் கூடும்.

படங்களை ஆராய்தல்

கமராவிலும் முக்கியமானது குறிப்பேடு. திகதி, நேரம், விலங்கு, எண்ணிக்கை, காலையிற் கண்ட சேதம், பயிரின் பருவம் என ஆறு நிரல்கள் வரைந்து ஒவ்வொரு வருகையையும் எழுதுதல் வேண்டும். ஒரு விலங்கு கமராவின் முன் நின்றால் இருபது படங்கள் விழும். அது இருபது விலங்காகாது. ஒரே இன விலங்கு அரைமணி நேரத்துக்குள் திரும்பவும் தோன்றினால் அதனை ஒரே வருகையாகக் கொள்க.

வந்த விலங்கு வேறு. சேதம் செய்த விலங்கு வேறு. இவ்வேறுபாட்டைக் கமக்காரர் மறக்கலாகாது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தோட்டத்தில் ஐந்து இரவுகளில் மரநாயும், இரண்டு இரவுகளில் முள்ளம்பன்றியும் படத்தில் விழுந்தன எனக் கொள்க. மரவள்ளிக்குச் சேதம் நேர்ந்தது அவ்விரண்டு இரவுகளிலேயாயின், அடிக்கடி வந்த மரநாய் குற்றமற்றது. பப்பாசிப் பழம் தின்னப்பட்டது மற்ற ஐந்து இரவுகளிலாயின் அது மரநாயின் வேலை. குறிப்பேடு இன்றேல் இவ்வுண்மை புலப்படாது.

சேதத்தின் அடையாளமும் பரிகாரமும்

எலி: நெற்றூரை அடியிற் சாய்வாக வெட்டும். வரம்பில் வளைகள் காணப்படும். வரம்புகளை ஒடுக்கமாகவும் புல்லின்றியும் வைத்து, வெளி முழுவதும் ஒரே காலத்தில் விதைத்தலே சிறந்த பரிகாரம். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்தால் எலிக்கு நீண்டகாலம் உணவு கிடைக்கும்.

காட்டுப்பன்றி: மண்ணை அகலமாகவும் ஆழமாகவும் உழுதாற்போற் கிளறும். மரவள்ளி, வற்றாளை என்பவற்றைத் தின்னும். நெல்லை மிதித்துச் சாய்க்கும். பெரும்பாலும் கூட்டமாக வரும். உறுதியான வேலியும், அயலவர் சேர்ந்து காவல் செய்தலும் வேண்டும்.

முள்ளம்பன்றி: தண்டின் அடியிலும் கிழங்கிலும் உளியாற் செதுக்கியது போன்ற பற்குறிகள் இருக்கும். தென்னங்கன்றின் குருத்தையும் தின்னும். உயர்ந்த வேலி தேவையில்லை. கம்பிவலையின் அடியை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணிற் புதைத்தல் போதும்.

முயல்: போஞ்சி, கோவா முதலியவற்றின் இளங்கன்றுகளைக் கத்தியால் வெட்டியதுபோல் நறுக்கும். நாற்றுமேடையைச் சுற்றி இரண்டடி உயரமான வலை கட்டுக.

குரங்கும் மர அணிலும்: பகலில் வருவன. குரங்கு பாதி கடித்த காய்களை எறிந்துவிடும். மர அணில் இளநீரிலும் கொக்கோக் காயிலும் துளை செய்யும். இவற்றுக்குக் கமராவினும் கண்காவலே ஏற்றது.

மரநாய், கீரி, பூனையினங்கள்: கோழிக்கூட்டை இரவில் நன்கு மூடினால் இவற்றால் வரும் தீங்கு பெரும்பாலும் நீங்கும். மீன்தொட்டிக்கு வலை இடுக. மீன்பிடிப் பூனை மீனோடு எலியையும் தின்னும். உலகின் மிகச் சிறிய பூனைகளுள் ஒன்றாகிய துருப்புள்ளிப் பூனையும் எலியையே பெரிதும் நாடும். வயல் வரம்பில் இவற்றின் படம் விழுந்தால் கமக்காரர் மகிழவேண்டும். கூகையும் அத்தகையதே.

சுருக்கு வைத்தலாகாது

மேற்கூறிய அறிவு இன்மையால் விளையும் கேட்டுக்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். நுவரெலியா மாவட்டத்தின் நல்லதண்ணிப் பகுதியில், 2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், மரக்கறிப் பாத்தியருகே இடப்பட்டிருந்த கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து மாட்டிக் கிடக்கக் காணப்பட்டது. இலங்கையிற் கருஞ்சிறுத்தை மிக மிக அரிது. அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை செய்தும், மே 29ஆம் நாள் அது இறந்தது. மலைநாட்டில் இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென்றே வைக்கப்படுகின்றன. சுருக்குக்கு விலங்கு தெரியாது. முதலில் வருவதைப் பிடிக்கும். சிறுத்தையோ காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் குரங்கையும் கொன்று தின்பது. அது ஒழிந்தால் அவை பெருகும். பெருகியவற்றுக்கு இரையாவது கமக்காரரின் பயிரே.

உணவில் மறைத்து வைக்கும் வாய்வெடியும், வேலியில் நேரே பாய்ச்சும் வீட்டு மின்சாரமும் இன்னும் கொடியவை. அவற்றால் மாடும் நாயும் மனிதரும் மாண்டுள்ளனர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் சிறுத்தை, மீன்பிடிப் பூனை, அழுங்கு, தேவாங்கு முதலியவற்றைக் கொல்வதைத் தடைசெய்கின்றன. படத்தில் எவ்விலங்கு விழுந்தாலும், அதனைப் பிடிக்கவோ விரட்டவோ முற்படுமுன் வனசீவராசிகள் அலுவலகத்தின் ஆலோசனையைப் பெறுதல் முறையாகும்.

அயலவருக்குச் செய்யவேண்டியது

கமரா விலங்கை மட்டுமன்றி மனிதரையும் படம் பிடிக்கும். ஆகையால் பொதுவழி, கிணற்றடி, குளிக்குமிடம், அயலாரின் வீட்டு முற்றம் என்பவற்றை நோக்கி அதனை வைத்தலாகாது. கமரா வைக்கப்பட்டிருப்பதை அயலவருக்கு முன்கூட்டியே அறிவித்தல் நன்று. அறிவித்தால் ஐயம் நீங்குவதோடு, அடுத்த தோட்டத்தார் கண்ட செய்திகளும் கிடைக்கும். சரணாலயத்திலோ ஒதுக்கக் காட்டிலோ அனுமதியின்றிக் கமரா வைத்தல் கூடாது. சிறுத்தை, அழுங்கு போன்றவற்றின் படம் கிடைத்தால் இடத்தைக் குறித்துப் பலருக்கும் அனுப்பலாகாது; அது வேட்டைக்காரருக்கு வழிகாட்டியதாக முடியும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. பரிகாரம் செய்யுமுன் விலங்கை அறிக.

2. கமராவை ஒன்றரை அடி உயரத்தில், பாதைக்குச் சாய்வாக, வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைக்க.

3. ஓரிடத்திற் குறைந்தது இரண்டு வாரம் வைத்துப் பார்க்க.

4. படத்தின் நேரத்தையும் காலையிற் கண்ட சேதத்தையும் குறிப்பேட்டில் ஒருங்கே எழுதுக.

5. வேலியோ வலையோ அமைத்தபின் இன்னும் இரண்டு வாரம் கமராவை அங்கேயே வைத்து, பரிகாரம் பலித்ததா என்று காண்க.

6. சுருக்கு, வாய்வெடி, வீட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி என்பவற்றை அறவே விலக்குக.

7. பயிர்ப் பாதுகாப்புப் பற்றிய ஆலோசனைக்கு விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ நாடுக. 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்திடமும் வினவலாம். காயமுற்ற அல்லது அகப்பட்ட வனவிலங்கைக் கண்டால் அணுகாமல், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்னும் இலக்கத்தில் உடனே அறிவிக்க.